எல்லோருக்கும் இருபது

அந்த மருத்துவக் கல்லூரியின் பொது மருத்துவ வார்டில் படுத்திருந்த அத்தனை பேரும் ஒரே கணக்கில் மூச்சு விட்டார்கள். நிமிடத்துக்கு இருபது. பாம்பு கடித்தவருக்கும் இருபது. காசநோய்க்காரருக்கும் இருபது. வயிற்றுவலி என்று வந்து மறுநாளே வீட்டுக்குப் போனவருக்கும் இருபது. கேஸ் ஷீட்டுகள் பெரும்பாலும் அப்படித்தான் சொல்லின.

நாடியைப் பிடித்துப் பார்த்தார்கள். ரத்த அழுத்தத்தைக் கருவியில் பார்த்தார்கள். மூச்சை எண்ணுவதற்கு மட்டும் கட்டிலருகே ஒரு முழு நிமிடம் சும்மா நிற்க வேண்டும். அந்த ஒரு நிமிடம் யாரிடமும் இருக்கவில்லை.

மூன்றாம் ஆண்டு மாணவி ரெஜினாவுக்கு இது உறுத்தியது. பயிற்சி மருத்துவரான ஹவுஸ் சர்ஜன் ஒருவரிடம் கேட்டாள்.

"அண்ணே, இதை எண்ணித்தான் எழுதுறீங்களா?"

"எண்ணிக்கிட்டிருந்தா நான் எப்பம்மா சாப்பிடுறது?" என்றார் அவர். பொய் சொல்லத் தெரியாதவர்.

மாணவர்களுக்கென்று ஓர் ஆராய்ச்சித் திட்டம் இருந்தது. இரண்டு மாதம் எதையாவது ஆராய்ந்து அறிக்கை அனுப்பலாம். நன்றாக இருந்தால் சென்னையில் மாநாட்டு மேடையில் வாசிக்கலாம். ரெஜினாவின் வீட்டில் மருத்துவக் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அந்த மேடையில் தான் நிற்பதை அவள் பலமுறை நினைத்துப் பார்த்துவிட்டாள். ஆனால் அதற்கு வழிகாட்டியாக ஓர் ஆசிரியர் வேண்டும்.

"முதல்ல ஃபார்மகாலஜி பாஸ் பண்ணு," என்றார் ஒருவர்.

"மூச்சை எண்ணுறதுல என்னம்மா ஆராய்ச்சி இருக்கு?" என்றார் இன்னொருவர்.

மூன்றாமவர் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான்காமவர், "என் பேரு முதல்ல வரும்னா யோசிக்கலாம்," என்றார்.

ஐந்தாவதாக, மூன்றாம் யூனிட்டின் உதவிப் பேராசிரியர் டாக்டர் தில்லைநாயகியிடம் போனாள். நாற்பது வயது. காலை இட்லியை மதியம் நின்றுகொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"உட்காரு," என்றார். ரெஜினா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஒரு நிமிஷம்னா எவ்வளவு நேரம்?" என்றார்.

"அறுபது செகண்ட், மேடம்."

"அது கடிகாரத்துக்கு." தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி நீட்டினார். "போய் ஒரு கட்டில் பக்கத்துல நின்னு பாத்துட்டு வா."

போனாள். வந்தாள்.

"ரொம்ப நீளமா இருக்கு, மேடம்."

"கடிகாரத்தை நீயே வச்சுக்கோ. நாளைக்கு ஆரம்பி."

எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை நெஞ்சின் மேல் வைக்க வேண்டும். நான்கு யூனிட்டுகள், யூனிட்டுக்கு அறுபது பேர். இருநூற்று நாற்பது பேரை ரெஜினா அப்படி எண்ணினாள். ஏமாறாதவள் ஒருத்திதான். இருபத்தேழாம் கட்டில் செல்லக்கனி, மீன் விற்பவள்.

"கையப் புடிச்சுக்கிட்டு... நெஞ்சப் பாக்கியே," என்றாள் மூச்சு வாங்க. "எத்தன மிச்சமிருக்குன்னு... எண்ணுதியோ?"

முப்பத்தாறு. அன்று காலை ஷீட்டில் எழுதியிருந்தது இருபது. ரெஜினா அதே ஹவுஸ் சர்ஜனிடம் ஓடினாள். அவர் இந்த முறை வந்து எண்ணினார். மாலைக்குள் செல்லக்கனி தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். ஒரு வாரத்தில் பிழைத்து, அதே கட்டிலுக்குத் திரும்பினாள்.

தில்லைநாயகி தேர்வு வேலையாக வெளியூர் போயிருந்த நாட்களில் ரெஜினா தனியாக உட்கார்ந்து அறிக்கையை எழுதி முடித்தாள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அது துறைத் தலைவரின் கையெழுத்தோடு போக வேண்டும். அன்று காலை துறைத் தலைவர் டாக்டர் ஆவுடையப்பன் கூப்பிட்டு அனுப்பினார்.

"எந்த ஊரும்மா நீ?"

"திசையன்விளை, சார்."

"அங்க கரண்டு காத்தாடி நிறைய சுத்துமே. அதை எண்ணியிருக்கலாம்."

அவர் அறிக்கையின் ஒரு வரிமேல் பேனாவை வைத்தார்.

"'பெரும்பாலும் எண்ணாமல் எழுதப்பட்டவை.' இதை எடுத்துடு. அடுத்த மாசம் இன்ஸ்பெக்ஷன் வருது. எடுத்தா இப்பவே கையெழுத்து. மாநாட்டுக்கு நானே சொல்லி விடுறேன்."

பக்கத்தைப் புரட்டினார். புரட்டிய கை நின்றது.

"ஒண்ணாம் யூனிட், ரெண்டு, நாலு. மூணு எங்கே?"

அவள் தலை குனிந்தாள். அவர் சிரித்தார். அதில் கோபம் இல்லை. அதுதான் அவளைச் சுட்டது.

"விட வேண்டியதை விடத் தெரிஞ்ச பொண்ணுதான் நீ. இன்னும் ஒரே ஒரு வரி. அவ்வளவுதானே?"

மதியம் தில்லைநாயகி ஊரிலிருந்து வந்து பையைக்கூட இறக்கவில்லை. ரெஜினா போய் முன்னால் நின்றாள்.

"மேடம், அந்த ஒரு வரியை எடுத்துடலாமா?"

அவர் அறிக்கையை வாங்கி முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார்.

"என் யூனிட் எங்கே?"

ரெஜினா தோளில் தொங்கிய பையை இறுக்கிக்கொண்டாள்.

"அறுபது பேர், ரெஜினா. எங்கே?"

"ஷீட்டு நகலெல்லாம் பையில இருக்கு, மேடம்."

"அதுல எத்தனை இருபது?"

"அம்பத்தி நாலு."

"யாரு எழுதினது?"

"ஹவுஸ் சர்ஜன்ஸ்தான் மேடம். சிலது மட்டும்..."

"சொல்லு."

"பதினொண்ணு உங்க கையெழுத்து."

வெளியே தள்ளுவண்டி ஒன்று சத்தமிட்டுப் போனது. தில்லைநாயகி தன் பையை மேசைமேல் இறக்கி வைத்தார்.

"ஏன் விட்டே?"

"நாலு பேரு என்னை நிக்க வச்சே அனுப்பினாங்க. நீங்கதான் உட்காருன்னு சொன்னீங்க."

"அதுக்கு எனக்கு நன்றி சொல்லிட்டியா?"

"இல்லை, மேடம்."

"இப்ப சொல்லிடு."

"நன்றி, மேடம்."

"சரி, அது முடிஞ்சுது. அந்த அறுபதையும் எடு."

எடுத்தாள். தில்லைநாயகி தன் கையெழுத்து இருந்த பதினொன்றையும் தனியே பிரித்தார். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஒன்றில் நின்றார். இருபத்தேழாம் கட்டில். இருபது என்று எழுதி, அடியில் சுழித்திருந்த அந்தக் கையெழுத்தைச் சற்று நேரம் வேறு யாருடையதையோ போலப் பார்த்தார்.

"நீ எண்ணினப்போ எவ்வளவு?"

"முப்பத்தாறு, மேடம்."

"என்னைக் காப்பாத்துறேன்னு இந்த அம்மாவையும் அறிக்கையிலிருந்து தூக்கிட்டே."

ரெஜினா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கணினி முன் உட்கார்ந்து அட்டவணையைப் புதிதாக அடித்தாள். முதல் வரி எது என்று அவள் கேட்கவில்லை. அவர் சொல்லவும் இல்லை.

நாலரை மணிக்கு இருவரும் துறைத் தலைவர் அறைக்குப் போனார்கள். ஆவுடையப்பன் அட்டவணையைப் பார்த்தார். நிமிர்ந்து தில்லைநாயகியைப் பார்த்தார்.

"உங்க தலையில நீங்களே மண்ணைப் போட்டுக்கிறீங்களா, டாக்டர்?"

"மண்ணு ஏற்கெனவே இருந்தது, சார். பொண்ணு கண்டுபிடிச்சிருக்கா."

அவர் ரெஜினா பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. அந்த வரி?"

மேடை, ஒலிவாங்கி, அச்சில் தன் பெயர், எல்லாம் ஒரு கணம் ரெஜினாவின் கண்முன் வந்தன.

"எடுக்க மாட்டேன், சார்."

"அப்ப இது இங்கேயே இருக்கட்டும்," என்று மேசை இழுப்பறையைத் திறந்து அறிக்கையை உள்ளே போட்டு மூடினார்.

தாழ்வாரத்தில் அவர்கள் நடந்தபோது சுவர்க் கடிகாரம் ஐந்தைத் தாண்டியது. ரெஜினா அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"இனிமே இதை யாரு படிப்பாங்க, மேடம்?"

"காலையில ஏழரைக்கு வார்டுக்கு வா," என்றார் தில்லைநாயகி. "கடிகாரத்தை மறந்துடாதே."

மறுநாள் காலை செவிலியர் மேசைக்கு மேலே, சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மூன்றாம் யூனிட்டின் அட்டவணை. முதல் வரி இப்படி இருந்தது: கட்டில் 27. எழுதியது 20. எண்ணியது 36. எழுதியவர்: டாக்டர் தில்லைநாயகி.

ஹவுஸ் சர்ஜன்கள் அதன்முன் கூட்டமாக நின்றார்கள். பொய் சொல்லத் தெரியாதவர் தன் பெயரைத் தேடினார். இல்லை. மற்றவர்கள் எழுதிய வரிகளில் 'எழுதியவர்' என்ற இடம் வெறுமையாக இருந்தது. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, தன்னுடைய ஏழு வரிகளிலும் தன் பெயரை எழுதினார்.

"ஒரு ஆளுக்கு ஒரு முழு நிமிஷம்," என்றார் தில்லைநாயகி. "என்னையும் சேர்த்துத்தான். வாங்க."

ரவுண்ட்ஸ் ஊர்ந்தது. வழக்கமாக முடிந்துவிடும் நேரத்தில் பாதி வார்டுகூட ஆகவில்லை. ஒன்பதரை மணிக்கு அவர்கள் செல்லக்கனியின் கட்டிலுக்கு வந்தார்கள். ரெஜினா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். செல்லக்கனி அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல விட்டத்தைப் பார்த்தாள்.

அப்போதுதான் வாசலில் ஆவுடையப்பனின் குரல் கேட்டது.

"இதை யாரு ஒட்டினது?"

அவர் கட்டில்களுக்கு நடுவே வேகமாக வந்தார். "உங்க கிளாஸ்ல பிள்ளைங்க ஒரு மணி நேரமா காத்திருக்கு. இங்க என்ன வேடிக்கை? டாக்டர், உங்களைத்தான் கேக்குறேன்!"

ரெஜினா கையை எடுக்கப் போனாள். அவள் விரல்களின் மேல் தில்லைநாயகியின் கை வந்து அழுத்தியது. ஏறி இறங்கும் நெஞ்சைவிட்டு அவர் கண்ணை எடுக்கவில்லை.

"பொறுங்க, சார்," என்றார். "இன்னும் நாற்பது செகண்ட் இருக்கு."