பொன்தலையனின் குறையில்லாத கூடு

ஏரிகளுக்கு மனிதர்கள் பேர் வைப்பதற்கும் முந்திய காலம் அது. அப்போது நானும் இல்லை, நீங்களும் இல்லை. அதனால் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

ஓர் ஏரிக்கரையில் ஒரு பனைமரம். அதன் ஓலைகளில் தூக்கணாங்குருவிகள் கூடு பின்னும். அவற்றுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஆண் குருவி பாதிக் கூடுதான் பின்னும். பாதியோடு நிறுத்திவிட்டுச் சிறகடித்துக் கூப்பிடும். பெண் குருவி வந்து, பின்னிய புல் நாரை இழுத்துப் பார்க்கும். பிடித்திருந்தால் உள்ளே உட்காரும். மிச்சத்தை இரண்டும் சேர்ந்து முடிக்கும். எல்லாம் மழைக்காலத்துக்குள் நடக்க வேண்டும். அது போனால் பச்சைப் புல் கிடைக்காது. அந்த வருஷம் குஞ்சும் கிடையாது, துணையும் கிடையாது.

அந்த மரத்தில் பொன்தலையன் என்று ஒரு குருவி. பின்னலில் அவனை அடிக்க ஆளில்லை. என்ன பிரயோஜனம்? பாதிக் கூட்டை ஒருத்தர் கண்ணில் காட்ட அவனுக்கு உயிர் போகிற கூச்சம்.

தவிடி என்ற பெண் குருவிக்கு அவன் பின்னல்மேல் ஒரு கண். ஒருநாள் வந்தாள். “உள்ளே வரட்டுமா?” என்று கேட்டாள்.

“ஐயையோ, வராதே! இடது பக்கம் கோணலாக இருக்கிறது” என்று மறித்தான். அவள் போனதும் முழுவதையும் பிய்த்து எறிந்தான்.

மறுபடி பின்னினான். மறுபடி தவிடி வந்தாள். “இப்போதாவது வரலாமா?”

“ஒரு முடிச்சு துருத்திக்கொண்டு நிற்கிறது. அப்புறம் வாயேன்.” அதையும் பிய்த்து எறிந்தான்.

பக்கத்து ஓலைக்காரன் கட்டிய கூட்டைப் பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரும். காற்றடித்த பந்தல் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. ஆனால் அதற்குள்ளிருந்து குஞ்சுகள் கத்தின. சாயங்காலமானால் ஒவ்வொரு கூட்டிலும் ஒரே பேச்சு, ஒரே சண்டை, ஒரே சிரிப்பு. பொன்தலையன் மட்டும் ஓலை நுனியில் ஒண்டியாக உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பான். பாவம், அவனோடு பேச யார் இருக்கிறார்கள்?

மூன்றாவது கூட்டை வாசல் வரைக்கும் அவனே முடித்தான். ஒரு நார் பிசகவில்லை. சிறகடித்துக் கூப்பிட்டான். தவிடி வந்தாள். கூட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். தலையை உள்ளே விட்டாள், வெளியே எடுத்தாள்.

“ரொம்ப அழகு. ஆனால் என் மூக்கு பட இதில் ஓர் இடம்கூட இல்லையே. யார் வீட்டுக்குள்ளோ நுழைகிற மாதிரி இருக்கிறது” என்று சொல்லிவிட்டுப் பறந்துபோனாள்.

அன்றைக்குப் பகல் முழுக்க மழை. அந்தக் கூட்டுக்குள் ஒரு சொட்டு ஒழுகவில்லை. அதற்குள் உட்கார்ந்துகொண்டு அவன் அழுதான். நிஜமாகவே அழுதான்.

மழைக்காலம் முடிகிற நேரம் வந்தது. புல் பழுக்கத் தொடங்கியது. கிடைத்த கடைசிப் பச்சையைப் பொறுக்கி வந்து அடுத்த ஓலையில் பின்னினான். புல் குட்டை, பாதிக் கூடு கோணலாகத்தான் வந்தது. பிய்த்து எறிய மூக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டான் என்று சொல்லலாம், குருவிக்குப் பல் இருந்தால்! பிய்க்காமல் அப்படியே சிறகடித்துக் கூப்பிட்டான்.

யாரும் வரவில்லை. தொண்டை வறளும் வரை கூப்பிட்டான். கடைசியில் தவிடி வந்தாள்.

“கோணல்தான்” என்றான். “உள்ளே வா.”

அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள். சரியாக அந்தக் கோணல் நாரையே பிடித்து இழுத்து, மறுபக்கம் கொண்டுபோய் முடிந்தாள்.

“கொஞ்சம் தள்ளி உட்கார். இந்தப் பக்கம் என்னுடையது” என்றாள்.

அந்த வருஷம் அந்த மரத்தில் கடைசியாகக் குஞ்சு பொரித்த கூடு அதுதான். குறையில்லாத கூடு அடுத்த கோடை வரைக்கும் காலியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு குறையும் இல்லாமல் முடித்த பிறகுதான் காட்டுவேன் என்று தன் வேலையை மறைத்து வைப்பவன், அதற்குள் வர வேண்டியவர்களையும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறான்.