ஆள்காட்டி விழுங்கிய செய்தி

ஆவாரங்குளத்தின் கரையில் ஓர் ஆள்காட்டிக் குருவி இருந்தது. தொண்டை சின்னது, சத்தம் பெரிது. பாம்பு வந்தால் கத்தும். காட்டுப்பூனை வந்தால் கத்தும். சில நாள் காய்ந்த சருகு உருண்டு வந்தாலும் கத்தும்! தூக்கம் கெட்ட தவளைகள் அதைத் திட்டித் தீர்க்கும். ஆனால் அந்தச் சத்தத்தால் உயிர் தப்பியவர்கள் குளத்தில் ஏராளம்.

அந்தக் காட்டில் பௌர்ணமிதோறும் பாறைமேட்டில் சபை கூடும். ஒவ்வொரு குளமும், ஒவ்வொரு புதரும் தன் சார்பில் ஒருவரை அனுப்பும். தலைமை வகிப்பது ஒரு யானை. ஆவாரங்குளத்திலிருந்து யாரை அனுப்புவது என்ற பேச்சு வந்தபோது ஒருவரும் தயங்கவில்லை.

"நம்ம ஆள்காட்டி அண்ணன்தான்!" என்றது கெண்டை மீன். "ஆபத்துன்னா முதல்ல சத்தம் போடுறவர் அவர்தானே!"

"இனிமே என் குரல் உங்களுக்குத்தான்!" என்றது ஆள்காட்டி. அன்று அது மனசாரத்தான் சொன்னது.

ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகவே நடந்தது. சபை முடிந்ததும் ஆள்காட்டி நேரே கரைக்கு வரும். உயரமான ஒரு கல்லில் ஏறி நின்று, சபையில் நடந்ததைச் சொல்லும்.

"தண்ணிப் பாதையில நரிங்க படுக்கக் கூடாதுன்னு முடிவாயிடுச்சு!"

தவளைகள் ஆரவாரம் செய்தன.

"நம்ம நாணலை மான்கள் மேயக் கூடாதுன்னும் முடிவாயிடுச்சு!"

ஆமைகள்கூடத் தலையை முழுசாக நீட்டிச் சிரித்தன. அந்த ஆரவாரம் ஆள்காட்டிக்குப் பிடித்துப்போனது. வினை அங்கேதான் தொடங்கியது.

ஒரு பௌர்ணமியன்று சபையில் காட்டெருமைகள் எழுந்தன. "எங்களுக்குப் புரளச் சேறு வேணும். ஓடையைக் கல் போட்டு அடைச்சு, மேலேயே தண்ணியத் தேக்கிக்கிறோம்!"

ஆவாரங்குளத்துக்குத் தண்ணீர் வரும் வழி அந்த ஓடை ஒன்றுதான்.

"கூடாது!" என்று ஆள்காட்டி துள்ளியது. "எங்க குளம் வத்திப்போயிடும்!"

யானை நிதானமாகச் சொன்னது: "அடுத்த பௌர்ணமிக்கு முடிவு செய்யலாம். அதுக்குள்ள குளத்துல இருக்கிறவங்க நேர்ல வந்து வேண்டாம்னு சொன்னா, இந்தப் பேச்சையே விட்டுடுவேன். ஒருத்தரும் வரலைன்னா சம்மதம்னு அர்த்தம். சபையோட வழக்கம் அது. போய் அவங்ககிட்ட சொல்லு."

திரும்பும் வழியில் புதர்களின் சார்பில் வந்திருந்த நரி கூடவே நடந்தது.

"இதை அப்படியே போய்ச் சொல்லப்போறியா?"

"சொல்லாம?"

"அட அப்பாவி! 'இதுக்கா உன்னை அனுப்பினோம்'னு கேப்பாங்க. அடுத்த தடவை வேற ஆளை அனுப்புவாங்க. முதல்ல நீயே பேசிச் சரிக்கட்டு. அப்புறமா நல்ல சேதியாச் சொல்லு!"

 அந்தப் பேச்சு ஆள்காட்டியின் மனதில் நன்றாக ஒட்டிக்கொண்டது.

கரையில் குளமே கூடியிருந்தது. கெண்டை தன் குஞ்சுகளை எல்லாம் கூட்டி வந்திருந்தது. "என் பிள்ளைங்களுக்கு இதுதான் முதல் கூட்டம் அண்ணே! நல்லதாச் சொல்லுங்க!"

ஆள்காட்டிக்குத் தொண்டை வரை கத்தல் வந்தது. அத்தனை முகங்களையும் பார்த்தது. வந்த கத்தலை அப்படியே விழுங்கியது.

"நம்ம குளத்தோட பெருமையைப் பத்தி இன்னிக்குச் சபையில பேசினேன்! எல்லாரும் அசந்துபோயிட்டாங்க!"

ஆரவாரம் எழுந்தது. ஒரு நண்டு மட்டும் முன்னால் வந்தது.

"நீங்க பேசினது சரி அண்ணே. அங்க என்ன பேசினாங்க? தண்ணியப் பத்தி ஏதாவது உண்டா?"

"தண்ணியா? அது... பேச்சு நடந்துக்கிட்டு இருக்கு. நான் பாத்துக்கிறேன்!"

"நீங்க பாத்துக்கிட்டா சரி" என்று நண்டு நம்பிக்கையோடு வளைக்குத் திரும்பியது.

ஆள்காட்டி சும்மா இருந்துவிடவில்லை, பாவம். தனியாகக் காட்டெருமைகளிடம் போய்க் கெஞ்சியது. அவை அசை போட்டுக்கொண்டே அதை வாலால் விரட்டின. யானையிடம் போய் அழுதது. "உன் எண்ணம் எனக்குத் தெரியும். குளம் என்ன சொல்லுது?" என்று யானை கேட்டது. ஆள்காட்டி தலையைக் குனிந்துகொண்டு திரும்பியது. வழியெல்லாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தது. அந்த நாளை வரவே இல்லை. பௌர்ணமிதான் வந்தது.

யானை குளத்துப் பாதையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றது. பாதையில் ஒரு தவளைகூட இல்லை.

"அப்போ சம்மதம்தான்."

"இல்லை!" என்று ஆள்காட்டி தன் பழைய குரலில் அலறியது. "அவங்களுக்குத் தெரியாது! நான் சொல்லலை!"



"உன்னை நம்பித்தானே சேதியைக் கொடுத்தனுப்பினோம்?" என்றது யானை. அதன் குரலில் கோபத்தைவிட வருத்தமே அதிகம். "ஒரு மாசம் இந்தக் காட்டெருமைங்களும் காத்திருந்தாங்க. வழக்கத்தை உனக்காக மாத்த முடியாது."

ஆள்காட்டி பறந்து வந்து கத்திய கத்தலில் குளமே வெளியே ஓடிவந்தது. நடந்ததைக் கேட்டதும் தவளைகளும் ஆமைகளும் நண்டும் பாறைமேட்டுக்கு ஓடின. அவை போய்ச் சேர்வதற்குள் ஓடையில் கற்கள் விழுந்துவிட்டன. காட்டெருமைகள் சேற்றில் புரண்டுகொண்டிருந்தன.

கோடை வந்தது. தவளைகள் வேறு நீர் தேடிப் போயின. ஆமைகள் போயின. நண்டும் போனது. கெண்டையால் எங்கே போக முடியும்? நடுக்குளத்தில் மிஞ்சிய குட்டையில் அதுவும் குஞ்சுகளும் கிடந்தன. ஆள்காட்டி மட்டும் அந்தக் குட்டையின் ஓரத்திலேயே நின்றது.

"ஏன் அண்ணே எங்ககிட்ட சொல்லலை?" என்று கெண்டை கேட்டது.

"நீங்க பயந்துடுவீங்கன்னுதான் தாயி."

"நீங்க கத்தி நாங்க பயந்தது புதுசா? பயந்துக்கிட்டேதான் இத்தனை நாள் பிழைச்சோம். இப்பவும் பயந்திருப்போம். எங்களுக்காகத் தவளைங்களும் ஆமைங்களும் பாறைமேட்டுக்கு நடந்திருப்பாங்களே!"

ஆள்காட்டிக்குக் கண் கலங்கியது. "பொய் சொல்லிட்டேன் தாயி. பயந்தது நான்தான். நீங்க என்னை வேண்டாம்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்தேன்."

 கெண்டை குஞ்சுகளை நிழல் பக்கமாக ஒதுக்கிக்கொண்டது. சில நாளில் அந்தக் குட்டையும் காய்ந்தது.

ஐப்பசியில் பெருமழை பெய்து குளம் பாதி நிறைந்தது. பிழைத்தவர்கள் திரும்பி வந்தார்கள். சபைக்கு இம்முறை நண்டை அனுப்பினார்கள். ஆள்காட்டி கரையிலேயே இருந்துவிட்டது. பாம்பு வந்தால் கத்துகிறது. சருகு உருண்டாலும் கத்துகிறது. இப்போது அதைத் தவளைகள் திட்டுவதில்லை. எழுந்து வந்து என்னவென்று பார்த்துவிட்டுப் போகின்றன. கெண்டை இருந்த இடம் மட்டும் காலியாக இருக்கிறது.

ஊருக்காகப் பேசப் போனவர் கெட்ட செய்தியை மறைத்தால், அந்தக் கேட்டைத் தடுக்க ஊருக்கு இருந்த நேரத்தையும் சேர்த்தே பறித்துவிடுகிறார்.