எண் மட்டும் எழுதவும்

"கணக்குல என்ன தப்புன்னு சொல்லிட்டாவது திருப்பி அனுப்புங்க, மேடம்."

கோதண்டபாணி இப்படிக் கேட்பது மூன்றாவது முறை.

பேராசிரியர் நப்பின்னை தாள்களை அவர் பக்கம் தள்ளினார். "கணக்குல தப்பே இல்லை, சார்."

வானம் சூடேற ஏற வெள்ளமும் வறட்சியும் என்ன ஆகின்றன என்று ஆராய்கிறவர் நப்பின்னை. வயது நாற்பத்தொன்று. கோதண்டபாணி பாசனப் பொறியாளர். ஓய்வு பெற ஐந்து மாதம் பாக்கி. ஓய்வுக்கு முன் ஒரு முனைவர் பட்டம் வாங்கிவிட வேண்டும் என்று சில வருஷம் முன்பே நப்பின்னையிடம் மாணவராகச் சேர்ந்திருந்தார். சார் பள்ளிக்கூடம் போறார் என்று அலுவலகத்தில் கேலி.

ஆவாரங் கண்மாயின் முப்பது வருஷ மழையை அவர் அலசியிருந்தார். வெள்ளம் பெருகவில்லை. வறட்சியும் பெருகவில்லை. ஒரு நாளில் இருநூறு மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்ததே இல்லை. இருக்கிற கரை தாங்கும்.

இந்த முடிவுக்காக வேறு சிலரும் காத்திருந்தார்கள். கரைக்குக் கீழே பள்ளத்தில் நானூறு வீடு கட்ட அனுமதி கேட்டிருந்தது ஒரு கம்பெனி. வெள்ளிக்கிழமை கருத்துக்கேட்புக் கூட்டம். அதில் கோதண்டபாணி எழுந்து ஒரே ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இழுத்தடித்தால் பதினேழு-பி வரும் என்று மேலதிகாரி சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். குற்றச்சாட்டுக் குறிப்பாணைக்கு அலுவலகத்தில் அதுதான் செல்லப்பெயர். ஓய்வுக்கு ஐந்து மாதம் இருக்கையில் அந்தப் பெயரைக் கேட்டால் சோறு இறங்காது.

"தப்பில்லைன்னா கையெழுத்துப் போடுங்களேன்."

"இந்த மழையை எங்க பிடிச்சீங்க?"

"கம்ப்யூட்டர்ல."

நப்பின்னை இழுப்பறையைத் திறந்து ஒரு நோட்டையும் பென்சிலையும் எடுத்து வைத்தார். கண்மாய்ப் பிரிவு அலுவலகத்தில் மழைப் பதிவேடு இருக்கிறது, அதைக் கையால் படியெடுத்து வாருங்கள் என்றார்.

"மேடம், நான் செயற்பொறியாளர்."

"தெரியும் சார். அதனாலதான் பென்சிலைச் சீவியே வெச்சிருக்கேன்."

ஜீப்பில் போகும் வழியெல்லாம் அவருக்குப் பொருமல்.

பதிவேட்டை எழுதியவர் பால்ச்சாமி. தினமும் காலை எட்டரைக்கு மழைமானியைத் திறந்து பார்த்து எழுதுவது அவர் வேலை. கோழி கிண்டிய கையெழுத்து. மத்தியானத்துக்குள் கோதண்டபாணியின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எண்கள் எல்லாம் கணினியில் இருந்தபடியேதான் இருந்தன.

பிறகு ஓர் ஐப்பசி வந்தது. எண் இருக்க வேண்டிய கட்டத்தில் ஒரு சொல்.

கொள்ளவில்லை.

மழைமானிக்குள் இருக்கும் பாட்டில் இருநூறு மில்லிமீட்டர்தான் கொள்ளும். மிச்சம் வழிந்து மண்ணுக்குப் போயிருந்தது. எவ்வளவு என்று பால்ச்சாமிக்குத் தெரியாது. தெரியாததை அவர் எண்ணாக எழுதவில்லை.

கணினியில் அந்த நாளுக்கு இருநூறு என்று இருந்தது.

அடுத்த வருஷத்து ஐப்பசிக்குப் பக்கம் முழுக்க ஒரே சொல், சாய்வாக.

பொய்த்தது.

அதன் கீழே பச்சை மையில்: "எண் மட்டும் எழுதவும்." பக்கத்தில் ஒரு சுருக்கொப்பம்.

'கோ'வின் கொம்பை யானைத் துதிக்கை மாதிரி வளைத்து இழுக்கிறவர் மாவட்டத்திலேயே ஒருவர்தான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், அதிகாரியாகிப் பச்சைப் பேனா கைக்கு வந்த புதிதில், அவர் போட்டது.

பால்ச்சாமி சொல் பேச்சுக் கேட்கிறவர். அதற்கப்புறம் பதிவேட்டில் சொல்லே இல்லை. பெருமழை நாளில் இருநூறு. இன்னொரு பெருமழைக்கும் இருநூறு. பதினோரு தடவை, கூடாமல் குறையாமல் இருநூறு. மழை இல்லாத மாதங்களில் வெறும் கோடு. விட்டுப்போன நாள் என்று நினைத்துக் கணினி அந்தக் கோடுகளைச் சராசரியால் நிரப்பியிருந்தது.

வெடித்துக் கிடந்த கண்மாயில் வருஷா வருஷம் சராசரி மழை பெய்துகொண்டிருந்தது.

வியாழன் சாயங்காலம் நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தார். நப்பின்னை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"எல்லாத்தையும் எழுதிட்டீங்களா, சார்?"

"எழுதிட்டேன்."

நப்பின்னையின் விரல் 'பொய்த்தது' என்ற சொல்லுக்குக் கீழே, காலியாக விட்டிருந்த இடத்தில் போய் நின்றது. "நானும் அந்தப் பதிவேட்டைப் பார்த்திருக்கேன்."

கோதண்டபாணி மின்விசிறியைப் பார்த்தார். "பென்சில்ல அது வரலை, மேடம்," என்றார்.

நப்பின்னை மறுபடி இழுப்பறையைத் திறந்தார். பச்சைப் பேனா ஒன்றை எடுத்து நோட்டின் மேல் வைத்தார்.

"நாளைக்கு நான் என்ன சொல்லட்டும்?"

"பச்சை மையில எழுத எனக்கு அதிகாரம் இல்லை, சார்," என்று சொல்லிவிட்டு, வேறொரு மாணவரின் தாளை எடுத்துத் திருத்த ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை மண்டபம் நிரம்பியிருந்தது. முன்வரிசையில் கம்பெனிக்காரர்கள். பின்னால், ஏற்கெனவே பள்ளத்தில் குடியிருக்கிற கீழத்தெருச் சனம். மேடையில் மேலதிகாரி. ஒரு நாளில் பெய்த அதிகபட்ச மழை எவ்வளவு என்று பொறியாளர் சொல்வார் என அவர் ஒலிபெருக்கியைக் கொடுத்தார்.

கோதண்டபாணி எழுந்தார்.

"கொள்ளவில்லை."

"கூட்டம் கொள்ளலையா? வெளியில நாற்காலி போடச் சொல்றேன். நீங்க எண்ணைச் சொல்லுங்க."

"மழை, சார். கொள்ளவில்லை."

கீழத்தெரு வரிசையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். மேலதிகாரி ஒலிபெருக்கியைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார்.

"பாணி, வீம்பு வேணாம். வாயால வேணாம்னா விடுங்க. கட்டத்துல எழுதிட்டு உட்காருங்க. எண் மட்டும் எழுதுங்க, போதும்."

கோதண்டபாணி கோப்பை வாங்கினார். அதிகபட்ச மழை என்ற கட்டத்தில் அதே சொல்லைப் பச்சை மையில் எழுதினார். 'கோ'வின் கொம்பை நன்றாக வளைத்து இழுத்து ஒப்பமிட்டுத் திருப்பி வைத்தார்.

மேலதிகாரி இரண்டு முறை படித்தார். "என்னய்யா இது, எண் இல்லையே. எண் மட்டும்தானே எழுதணும். உத்தரவே இருக்கே."

"அந்த உத்தரவு நான் போட்டது, சார்," என்றார் கோதண்டபாணி. "ரத்து பண்ணிட்டேன்."