பொட்டு வைத்த பெட்டி

சிவகாசியில் காலண்டர் அச்சகம் நடத்தும் தனுஷ்கோடிக்குத் தன் பழைய கம்ப்யூட்டர்தான் குலதெய்வம். வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்குச் சந்தனப் பொட்டு வைப்பார். அதுவோ சாகக் கிடந்தது. அதில் இருப்பதையெல்லாம் அப்படியே நகலெடுத்து, புது சர்வருக்குள் உருவமில்லாத கம்ப்யூட்டராக மாற்றிவிடலாம் என்றாள் வேலைக்குப் புதிதாக வந்த சங்கரேஸ்வரி.

“மாத்து. ஆனா பெட்டி நகரக்கூடாது, பொட்டு அழியக்கூடாது. அழிஞ்சா உனக்கு வேலை இல்ல!”

“சரிங்க முதலாளி.”

மறுநாள் மாலை, தன் மேசைத் திரையில் பில் போட்டுக்கொண்டே அவர் சிரித்தார். “பெட்டியும் அங்கேயே, பொட்டும் அப்படியே. உன்னால முடியலைல்ல? இந்த பில்லும் என் பெட்டியிலதான் ஓடுது!”

“நேத்து ராத்திரியே மாத்திட்டேன், இப்ப சர்வர்ல ஓடுது முதலாளி. பெட்டி காலையிலேயே நின்னுபோச்சு.”

“எவன் நிறுத்தினது?”

சங்கரேஸ்வரி சுவரைக் காட்டினாள். “உங்க போனுக்கு சார்ஜ் போட, நீங்கதான் பெட்டியோட பிளக்கைப் பிடுங்கினீங்க.”