தொங்கிய வயர்

"அந்தப் பொண்ணை இன்னைக்கே வேலையை விட்டு நிறுத்தச் சொல்லுங்க மேடம். நீங்க சொன்னா முதலாளி தட்டமாட்டார்."

சொன்னவர் சடகோபன். ஐம்பதைத் தாண்டியவர். ஜவுளிக்கடையில் சரக்குக் கட்டிக்கொண்டிருந்தவரைக் கம்ப்யூட்டர் வயரிங் கற்றுக்கொள்ளச் சொல்லி முதலாளி அனுப்பியிருந்தார். குரு பர்வீனுக்கு அவருடைய மகள் வயதுதான்.

ஆடித் தள்ளுபடி நேரம். காலையிலிருந்து ஒரு பில் கவுண்டரும் வேலை செய்யவில்லை. அதைப் பார்க்கத்தான் பர்வீன் கடைக்கு வந்திருந்தார்.

புடவையும் கையுமாக நின்ற கூட்டம் முதலாளியைத் திட்டியது. முதலாளி சடகோபனைத் திட்டினார். சடகோபன் கவுண்டரில் இருந்த ஜெயக்கொடியைப் பிடித்துக்கொண்டார். வாங்கியதைவிட இரண்டு பங்காகவே கொடுத்தார்.

"அவ என்ன பண்ணா?" என்றார் பர்வீன்.

"காலால உதைச்சு உதைச்சே வயரைக் கெடுத்துட்டா. நானும் எல்லாத்தையும் பிடுங்கி மாட்டிப் பார்த்துட்டேன். ஒண்ணும் வேலைக்கு ஆகலை."

"அவ சம்பளத்துலதான் அவ வீட்டுல அடுப்பு எரியுது. தெரியுமில்ல?"

"அதுக்கு நான் என்ன பண்றது?"

பர்வீனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அடக்கிக்கொண்டு எழுந்தார்.

கவுண்டர் வயர்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டி மேஜைக்கு அடியில் இருந்தது. அதன் விளக்குகள் வெறி பிடித்த மாதிரி மின்னின.

பர்வீன் ஒரு வயரைக் காட்டினார்.

"இதைப் பிடிங்க. கையை எடுக்காம அடுத்த முனை வரைக்கும் போங்க. போய்ச் சேர்ற வரைக்கும் பேசக்கூடாது."

சடகோபன் பல்லைக் கடித்துக்கொண்டு மண்டி போட்டார்.

ஜெயக்கொடி நாற்காலியை இழுத்து வழி விட்டாள். அழுது அழுது அவள் கண் சிவந்திருந்தது. அதைப் பார்க்காதவர்போல் அவர் தவழ்ந்து போனார்.

வயர் பீரோவுக்குப் பின்னால் போனது. கட்டைப்பை மூட்டையைச் சுற்றிக்கொண்டு திரும்பியது. கடைசியில் அவர் கை அதே பெட்டியில் வந்து இடித்தது.

"ரெண்டு முனையும் இதுலயேவா?"

"ஆமா. போனதெல்லாம் திரும்பி வந்து உள்ளேயே சுத்திக்கிட்டிருக்கு. வேற யாருக்கும் வழியில்லை. யார் சொருகினது?"

சடகோபனுக்கு நினைவு வந்தது.

காலையில் அந்த முனை தொங்கிக்கொண்டிருந்தது. 'ஒரு வயரைக்கூட ஒழுங்கா வைக்கத் தெரியாதா?' என்று ஜெயக்கொடியிடம் கத்திக்கொண்டே, காலியாக இருந்த ஓட்டையில் அவர்தான் சொருகினார்.

பர்வீன் அதைப் பிடுங்கினார்.

விளக்குகள் அடங்கின. சற்று நேரத்தில் பில் மிஷின் ஓடத் தொடங்கியது. கூட்டம் அப்பாடா என்றது.

சடகோபனுக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. அத்தனை பேர் முன்னால் மானம் போன ஆத்திரம்தான் வந்தது.

"நான் சொருகும்போது இவ பக்கத்துலதானே நின்னா! வாயில என்ன கொழுக்கட்டையா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? எல்லாம் இவளாலதான் மேடம். இவளை நிறுத்தியே ஆகணும்!"

பர்வீன் தொங்கிய முனையை எடுத்து, அதே ஓட்டையில் சொருகினார்.

விளக்குகளுக்கு மறுபடி வெறி பிடித்தது. பில் மிஷின் பாதியில் நின்றது. கூட்டம் கத்தியது.

"ஐயோ, என்ன மேடம் பண்றீங்க! பிடுங்குங்க அதை!"

"நான் எங்க சார் சொருகினேன்?" என்றார் பர்வீன். "இப்பவும் நீங்கதான், மறுபடியும் அவ மேலயே பழியைப் போட்டு."