சேவு மாஸ்டர் நாய்க்குட்டி கேட்டுப் போனது

சாத்தூரில் சேவு மாஸ்டர் கொண்டல்சாமி பேச ஆரம்பித்தால், பஸ்ஸுக்கு நிற்கிறவன்கூட ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு நின்று கேட்பான். நம்புவதற்காக இல்லை. இன்றைக்கு மனுஷன் எவ்வளவு தூரம் போகிறார் என்று பார்க்கத்தான். முப்பது வருஷமாக எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று காராச்சேவு தேய்த்தவர். கை ஓடுகிறபோது வாயும் ஓடிப் பழகிவிட்டது.

அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு குருவம்மாள் வீட்டுக் கொல்லைக்கு வந்து, தகரக் கொட்டகையில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அந்த அம்மாவின் நாய் மூன்று குட்டி போட்டிருந்தது. இரண்டை ஆட்கள் வாங்கிப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்த செவலைக் குட்டி ஒன்று அவருடைய செருப்பு வாரைக் கடித்துக்கொண்டிருந்தது. அதற்காகத்தான் வந்திருக்கிறார்.

குருவம்மாளிடம் குட்டி வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. மாட்டாஸ்பத்திரியில் முப்பத்திரண்டு வருஷம் உதவியாளராக இருந்துவிட்டுப் போன வருஷம் ஓய்வு பெற்றவர். கேட்டு வருகிறவர்களிடம் வீடு எங்கே, வேலை என்ன என்றெல்லாம் கேட்க மாட்டார். குட்டிக்கு என்ன போடுவீர்கள் என்று மட்டும் கேட்பார். இதே குட்டியைக் கேட்டு வந்த நாலு பேரைத் திருப்பி அனுப்பியாகிவிட்டது. ஒருத்தர் மிச்சம் மீதியைப் போடுவோம் என்றார். ஒருத்தர் பாலும் கிரீம் பிஸ்கட்டும் என்றார். பிரியாணிக் கடை எலும்பு இருக்கிறதே என்று ஒருத்தர் பெருமையாகச் சொன்னார். வெந்த எலும்பு ஊசி மாதிரி உடைந்து குடலைக் கிழிக்கும் என்று அவருக்கு அரை மணி நேரம் பாடம் நடந்தது. நாலாவது ஆள் வெங்காய சாம்பார் என்றதும் அந்த அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

கொண்டல்சாமிக்கோ குட்டி கட்டாயம் வேண்டும். அவருடைய நாய் துரை பதிமூன்று வயசில் போன ஐப்பசியில் செத்துப்போனது. அதிலிருந்து வீடு வீடாக இல்லை. அவர் சொல்லுகிற கதையைக் கேட்க ஆள் கிடையாது. சம்சாரம் முதல் வாக்கியத்திலேயே டி.வி. சத்தத்தைக் கூட்டிவிடுவாள். மகன் போனில் "சரிப்பா, சரிப்பா" என்பான். துரை ஒருத்தன்தான் குறுக்கே பேசாமல், காதை நிமிர்த்திக்கொண்டு, கடைசி வரைக்கும் கேட்டவன். அவன் இல்லாமல் சாயங்காலம் உட்கார்ந்தால் கொண்டல்சாமிக்கு அழுகை வந்தது. வெளியே சொல்லிக்கொள்ள முடியாத அழுகை.

அதனால் இன்றைக்கு உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினார். தெருமுனை வரைக்கும் அந்த எண்ணம் கூடவே வந்தது.

குருவம்மாள் நேராக விஷயத்துக்கு வந்தார். முன்னே வளர்த்த நாய்க்கு என்ன போட்டீர்கள் என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் உடைந்த சேவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பூண்டும் மிளகாயும் உப்பும் போட்ட சேவு. அதைச் சொல்வதற்குள் கொண்டல்சாமியின் வாய் முந்திக்கொண்டது. கம்பு, கேப்பை, அவிச்ச முட்டை, தோல் சீவின பூசணிக்காய், ஒரு உப்புக்கல் கிடையாது என்று அடுக்கிவிட்டது.

பக்கத்து வீட்டு டெய்லர் தங்கப்பழம் காஜா எடுக்க வேண்டிய சட்டையோடு வந்து திண்டில் உட்கார்ந்திருந்தார். இந்தப் பேச்சை விட்டுவிட்டு அவருக்கு வேலை ஓடுமா? துரை எந்நேரமும் சேவு அடுப்புப் பக்கம் கிடந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேனே என்றார். கொண்டல்சாமி அசரவில்லை. கிடந்தது தின்பதற்காக இல்லையாம், மேற்பார்வைக்காம். பழைய எண்ணெயைச் சட்டியில் ஊற்றினால் துரை இரண்டு தடவை குரைக்குமாம். மூன்றாவது தடவை முதலாளி வீட்டுக்கே போய்க் குரைக்குமாம்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். குருவம்மாள் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அது போதாதா? நம்புகிறார்கள் என்று கொண்டல்சாமிக்குத் தெம்பு வந்துவிட்டது.

சென்னையிலிருந்து வந்த மச்சினன் நாய்க்கென்றே விற்கிற தின்பண்டம் ஒரு பாக்கெட் வாங்கி வந்தானாம். பளபளவென்று, மேலே ஒரு வெள்ளைக்கார நாய் படம் போட்டு. துரை அந்தப் படத்தைத் திரும்பியும் பார்க்கவில்லையாம். மூக்கால் பாக்கெட்டைப் புரட்டிப் போட்டு, பின்னால் பொடி எழுத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று எழுதியிருக்குமே, அதில் சர்க்கரை என்கிற இடத்தில் முன்னங்காலை வைத்துக்கொண்டு மச்சினனையே பார்த்ததாம். மச்சினன் வெட்கப்பட்டு அன்றைக்கு ராத்திரி வண்டிக்கே ஊருக்குப் போய்விட்டானாம்.

"அண்ணாச்சி, நாய்க்குப் படிக்கத் தெரியுமாக்கும்?" என்றார் தங்கப்பழம்.

"சேச்சே, படிக்க எங்க தெரியும். சர்க்கரை, உப்பு, காலாவதித் தேதி, இந்த மூணு மட்டும்தான் தெரியும்."

இந்த அடக்கம் தனக்கே பிடித்துப்போய்க் கொண்டல்சாமி இன்னும் கொஞ்சம் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார். காய்கறி வாங்குவதும் துரைதானாம். பூசணியைக் காலால் தட்டிப் பார்த்து, சத்தம் சரியில்லை என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுமாம். கேரட்டில் ஒரு வாடல் இருந்தால் போதும், கடைக்காரர் மூஞ்சியில் முழிக்காதாம். சாளை மீன் மட்டும் உள்ளூர்ச் சரக்கு பிடிக்காதாம். செவ்வாய்க்கிழமை தோறும் தூத்துக்குடி பஸ் ஏறிப் போய், கரையில் இறங்கின மீனாகப் பார்த்துப் பையில் போட்டு, வாயில் கவ்விக்கொண்டு மத்தியானத்துக்குள் வந்துவிடுமாம். வருகிற வழியில் ஒரு மீனைக்கூடத் தொடாதாம். அவித்து, முள் எடுத்துத் தட்டில் வைத்தால்தான் சாப்பிடுமாம்.

தங்கப்பழம் ஊசியைச் சட்டையில் குத்தி வைத்துவிட்டார். காது குத்துவதற்கும் ஒரு அளவு உண்டு அண்ணாச்சி என்றார். அளவா? கொண்டல்சாமிக்கு அந்தச் சொல்லே ஆகாது.

துரை தான் திருந்தினது போதாது என்று தெரு நாய்களையும் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்ததாம். இரண்டே மாசத்தில் மெயின்ரோட்டுக் குப்பைத் தொட்டியைச் சீண்ட ஒரு நாய் இல்லையாம். பிரியாணிக் கடைக்காரர் எலும்பை என்ன செய்வது என்று தெரியாமல் கொல்லையில் மலையாகக் குவித்து வைத்து, கடைசியில் துரையிடமே வந்து கையைக் கட்டிக்கொண்டு யோசனை கேட்டாராம். விடிந்தால் நாற்பது நாய் வரிசையில் நின்று ஆளுக்கொரு கேப்பைக் களி உருண்டை வாங்கிக்கொண்டு போகுமாம். வரிசையில் முந்தப் பார்த்த ஒரு பூனையைக்கூடத் துரை கடிக்கவில்லையாம். கடைசியில் போய் நிற்கச் சொன்னதாம். இப்படி ஊரில் ஒரு நாய்க்கும் சொறி கிடையாது, வாந்தி கிடையாது, வயிற்றுப்போக்கு கிடையாது என்று ஆகிப்போனதில், மாட்டாஸ்பத்திரி டாக்டர் வேலையே இல்லாமல் மேஜையில் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாராம்.

சொன்ன பிறகுதான் யார் முன்னால் உட்கார்ந்திருக்கிறோம் என்று கொண்டல்சாமிக்கு உறைத்தது. ஓடின வாய் சடாரென்று நின்றது.

குருவம்மாள் குட்டியின் காதைத் தடவிக்கொண்டே கேட்டார். "மாஸ்டர், உங்க துரையைத் தராசுல ஏத்தினது யாருன்னு ஞாபகம் இருக்கா? நான்தான். நாலு பேர் சேந்து தூக்கினோம். நாப்பத்தோரு கிலோ. மூச்சு வாங்கிச்சு, மூணு படி ஏற முடியல. வாயில மிளகாய்ப் பொடி ஒட்டியிருந்துச்சு."

தங்கப்பழம் வாய்விட்டுச் சிரித்தார். கொண்டல்சாமிக்குக் காது மடல் சூடேறியது. இனி குட்டி இல்லை என்று தெரிந்துபோயிற்று. எழுந்திருக்கலாம் என்று கையை ஊன்றினார். ஊன்றின கையை எடுத்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரலை ஏற்றாமல் பேசினார்.

"ஆமாக்கா. சேவு போட்டது நான்தான். கேட்டான், குடுத்தேன். அவன் மூஞ்சியப் பாத்து இல்லேன்னு சொல்ல எனக்கு வராது. டாக்டர் ஆறு மாசம்தான்னு சொன்னாரு. அன்னைக்குத்தான் நிறுத்தினேன்."

நிறுத்தின பிறகு நடந்ததையும் சொன்னார். கேப்பைக் களியையும் முட்டையையும் வைத்தால் துரை மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டது. மூன்று நாள் பட்டினி. நாலாம் நாள் வேறு வழி தெரியாமல் கொண்டல்சாமி ஒரு தட்டில் அதே களியை, உப்பில்லாமல், தனக்கும் போட்டுக்கொண்டு பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தின்றார். துரை அவரைப் பார்த்தது, தட்டைப் பார்த்தது, பிறகு ஒரு வாய் வைத்தது. அன்றிலிருந்து நாலு வருஷம், அவர் தின்றால்தான் அது தின்னும். காலையும் சாயங்காலமும் உப்பில்லாத களி, காரமில்லாத காய், அவிச்ச மீன். பகல் பூராவும் காராச்சேவு தேய்த்துவிட்டு வீட்டுக்கு வந்து இந்தச் சாப்பாடு.

தங்கப்பழத்துக்குப் பொறுக்கவில்லை. தூத்துக்குடி பஸ்ஸைக்கூட நம்பிவிடலாம், சேவு மாஸ்டர் நாலு வருஷம் உப்பில்லாமல் தின்றார் என்பதுதான் இன்றைக்கு விட்டதிலேயே பெரிய புளுகு என்று தொடையைத் தட்டினார்.

குருவம்மாள் சிரிக்கவில்லை. துரைக்கு மாசா மாசம் எடை போட்டதும் அவர்தான். நாற்பத்தொன்று முப்பத்தைந்து ஆகி, முப்பதாகி, இருபத்தாறில் வந்து நின்றது அவருக்கு நன்றாகத் தெரியும். அதைக் கூட்டி வந்த ஆளுக்கும் மாசத்துக்கு மாசம் சட்டை தொளதொளவென்று ஆகிக்கொண்டே போனதைப் பார்த்து, மனுஷனுக்கு என்ன சீக்கோ என்று அப்போதே கவலைப்பட்டிருக்கிறார்.

"அப்ப வீட்டுல இதத் திங்கணும், இதத் திங்கக்கூடாதுன்னு முடிவு பண்ணினது யாரு?" என்று கேட்டார்.

"அவன்தான்க்கா. அவனுக்கு ஆகாதது எனக்கும் கிடையாது. போட்டதத் தின்னுட்டு அவன் பக்கத்துல கிடந்தேன்."

குருவம்மாள் குட்டியைத் தூக்கி அவர் மடியில் வைத்தார். கொண்டல்சாமி நன்றி சொல்ல வாயைத் திறந்தார். கையைக் காட்டி நிறுத்திவிட்டு அந்த அம்மா சொன்னார்:

"உங்களை நம்பிக் குட்டியத் தர முடியாது மாஸ்டர். அதனால குட்டிய நம்பி உங்களை அனுப்புறேன்."