பதினோரு காலடி தூரம்

"மேடம், இந்த மூணாவது சர்வரைக் கழட்டிடலாம்" என்றார் சீடர்.

"ஏன் சார்?" என்று கேட்டார் குரு.

"சுத்த சோம்பேறி. எப்பப் பார்த்தாலும் நாலு மணி நேரம் பின்னாடியே நிக்குது."

சீடர் வைத்திலிங்கத்துக்கு வயது ஐம்பத்து நான்கு. குரு நிலோபருக்கு முப்பத்து மூன்று. ஆகவே குரு சீடரை 'சார்' என்பார், சீடர் குருவை 'மேடம்' என்பார். இதில் இருவருக்கும் எந்தக் குழப்பமும் இருந்ததில்லை.

இடம், கும்பகோணத்தில் ஒரு திருமணத் தகவல் மையம். வரன் தேடும் பதினேழாயிரத்துச் சொச்சம் பேருடைய விவரம் அங்கே இருந்தது. பெயர், நட்சத்திரம், உயரம், படிப்பு, எதிர்பார்ப்பு. எதிர்பார்ப்புதான் எல்லாவற்றிலும் நீளம்.

விவரங்களெல்லாம் மூன்று சர்வர்களில் இருந்தன. முதலாவதில் வேலை நடக்கும். அதில் எதை மாற்றினாலும் இரண்டாவது கண் இமைப்பதற்குள் பார்த்து எழுதிக்கொள்ளும். மூன்றாவதும் எழுதிக்கொள்ளும், ஆனால் நாலு மணி நேரம் கழித்து.

வைத்திலிங்கம் இருபத்தெட்டு வருடம் தொலைபேசி நிலையத்தில் இருந்துவிட்டு இந்த வேலைக்குப் புதிதாக வந்தவர். தாமதம் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு உடம்பு அரிக்கும்.

"அது சோம்பேறி இல்ல சார். நான்தான் அப்படி வச்சிருக்கேன்."

"வேணும்னேவா?"

"வேணும்னேதான்."

"எதுக்கு மேடம்?"

குரு நாற்காலியைப் பின்னால் தள்ளினார். எழுந்து போய், வாசலில் இருந்த வாட்ச்மேன் அந்தோணியைக் கூப்பிட்டார்.

"சார், நீங்க என் பின்னாடியே ஒட்டிக்கிட்டு வாங்க. அந்தோணி அண்ணே, நீங்க பத்தடி விட்டு வாங்க. நான் போற இடத்துக்கெல்லாம் ரெண்டு பேரும் வரணும்."

மூவரும் வரிசையாக நடந்தார்கள். தாழ்வாரத்தின் கோடியில் குரு சட்டென்று ஒரு கதவைத் திறந்து உள்ளே போனார். சீடரும் அதே வேகத்தில் உள்ளே போனார்.

அது பெண் பார்க்கும் அறை. இரண்டு குடும்பங்கள் எதிரெதிரே உட்கார்ந்து, யார் முதலில் பேசுவது என்று பார்த்துக்கொண்டிருந்தன.

"மன்னிச்சுக்குங்க, கதவு மாறி வந்துட்டேன்" என்று குரு வெளியே போய்விட்டார்.

சீடரால் போக முடியவில்லை. பெண்ணின் சித்தப்பா அவரை மாப்பிள்ளையின் பெரியப்பா என்று நினைத்துவிட்டார். கையைப் பிடித்து சோபாவில் உட்காரவைத்தார். பயணம் சௌகரியமாக இருந்ததா என்று விசாரித்தார். ஒரு கையில் கேசரியும் இன்னொரு கையில் பஜ்ஜியும் வந்து சேர்ந்தன. மாப்பிள்ளை வீட்டாரோ அவரைப் பெண்ணின் தாய்மாமன் என்று நினைத்துக் கும்பிட்டார்கள். அவர் தப்பித்து வெளியே வரப் பத்து நிமிடம் ஆயிற்று.

அந்தோணி கதவுக்கு வெளியே சாவகாசமாக நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்க ஏன் உள்ள வரல?" என்று கேட்டார் குரு.

"நான் வந்து சேர்றதுக்குள்ள நீங்களே திரும்பி வந்துட்டீங்களேம்மா. அப்புறம் நான் எதுக்கு உள்ள போகணும்?"

சீடர் மிச்சப் பஜ்ஜியை மென்றபடி யோசித்தார். அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"அதாவது மேடம், முதலாவதுல யாராச்சும் தப்பு பண்ணா, ரெண்டாவதும் கூடவே போய் மாட்டிக்கும். மூணாவதை மட்டும் வாசல்லயே நிறுத்திடலாம்."

குரு தன் நாற்காலிக்குத் திரும்பிவிட்டார்.

சீடர் விடவில்லை. பின்னாலேயே போனார்.

"சரி, பின்னாடி நிக்கட்டும். அதுக்கு எதுக்கு நாலு மணி நேரம்?"

"எவ்வளவு வைக்கலாங்கிறீங்க?"

தொலைபேசி நிலையத்தில் இருபத்தெட்டு வருடம் சும்மா இருந்தவர் இல்லை வைத்திலிங்கம். கணக்குப் போட்டார். மூன்றாவது சர்வரின் கடவுச்சொல் குருவிடம் மட்டும்தான் இருந்தது. அதை நிறுத்த குரு ஒரு வரி அடிக்க வேண்டும். ஐந்து நொடி. அதற்கு முன் சீடர் தன் இடத்திலிருந்து எழுந்து வந்து விஷயத்தைச் சொல்ல வேண்டும். தன் நாற்காலிக்குப் போய், அங்கிருந்து குருவின் மேஜை வரை எண்ணிக்கொண்டே நடந்து வந்தார்.

"பதினோரு காலடி மேடம். ஒன்பது செகண்ட். மொத்தம் பதினாலு செகண்ட் ஆகுது. நான் தாராளமா அஞ்சு நிமிஷம் தர்றேன்."

"இன்னொரு தரம் அளந்து பாருங்க சார்."

அளந்தார்.

"அதே பதினோரு காலடிதான்."

"சரி. நாலு மணி நேரமே இருக்கட்டும்."

குருவுக்குக் கணக்கு வராது என்று சீடர் முடிவு செய்தார்.

*

அது நடந்து மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை. அலுவலகத்தில் மற்ற எல்லோரும் மன்னார்குடியில் நடந்த பதிவு முகாமுக்குப் போயிருந்தார்கள். குரு தன் அறையில் இருந்தார். அந்தோணி வாசலில் இருந்தார். சீடர் கணினி முன்னால் இருந்தார். இன்னும் பத்து நாளில் அவர் வேலை நிரந்தரமாக வேண்டும். வீட்டில் சொல்லியாகிவிட்டது, சம்பந்தி வீட்டிலும் சொல்லியாகிவிட்டது.

பத்தேகாலுக்குப் போன் வந்தது.

"சார், நான் சுந்தரவல்லி பேசறேன். எனக்கு நிச்சயமாயிடுச்சு சார்!"

சுந்தரவல்லியை அந்த அலுவலகத்தில் தெரியாதவர் கிடையாது. ஒன்பது வருடமாகப் பதிவு செய்து வைத்துவிட்டு, மாதா மாதம் நேரில் வந்து 'ஏதாவது இருக்கா சார்?' என்று கேட்டுவிட்டுப் போகிறவர். வைத்திலிங்கத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சொந்த மகளுக்கு நிச்சயமானபோதுகூட அவர் இப்படி எழுந்து நின்றதில்லை.

"இதோம்மா, இப்பவே உங்க பேர்ல ஏத்திடறேன்" என்றார்.

கட்டளையை அடித்தார். நிலை என்ற இடத்தில் 'நிச்சயமானது' என்று மாற்று. அதன் கடைசியில், யாருக்கு மாற்ற வேண்டும் என்று சுந்தரவல்லியின் பதிவு எண்ணைப் போட வேண்டும்.

சந்தோஷத்தில் எண்ணை விட்டுவிட்டார்.

திரையில் வழக்கமாக '1 பேருடைய நிலை மாற்றப்பட்டது' என்று வரும். இப்போது '18,642 பேருடைய நிலை மாற்றப்பட்டது' என்று வந்தது.

மணி பத்து இருபது. ஒரே தட்டில் பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பத்திரண்டு பேருக்கும் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அப்படியொரு முகூர்த்தம் கும்பகோணத்தில் அதுவரை நடந்ததில்லை.

சீடர் இரண்டாவது சர்வரைப் பார்த்தார். அங்கேயும் எல்லோருக்கும் நிச்சயமாகியிருந்தது.

மூன்றாவது மட்டும் நாலு மணி நேரம் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தது. இரண்டு இருபதுக்கு அதுவும் வந்து சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு யார் உண்மையாகவே நிச்சயமானவர், யார் இன்னும் காத்திருப்பவர் என்று சொல்ல ஒரு சர்வரும் இருக்காது.

குருவின் அறைக்கதவு திறந்துதான் இருந்தது. பதினோரு காலடி.

சீடர் எழுந்தார். மூன்று காலடி வைத்தார். இருபத்தெட்டு வருடத்தில் தன் மேல் ஒரு புகார்கூட வந்ததில்லை என்பது ஞாபகம் வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"நாமளே சரி பண்ணிடலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை எடுத்துவைத்த நகல் ஒன்று இருந்தது. அதைப் போட்டால், அதற்குப் பிறகு சேர்ந்த முந்நூறு பேர் காணாமல் போவார்கள். திங்கள்கிழமை நிச்சயமான ஐந்து பேர் மறுபடி வரன் தேட ஆரம்பித்துவிடுவார்கள். அது கல்யாண வீட்டில் கலவரத்தில் முடியும். மூடி வைத்தார்.

பதினொன்றரைக்கு மறுபடி எழுந்தார். இந்தத் தடவை ஏழு காலடி. உள்ளே குரு தன் பெண்ணோடு போனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். 'நல்லா சிரிச்சிக்கிட்டிருக்காங்க, இப்பப் போய் எதுக்கு?' என்று நினைத்தார் சீடர்.

குரு தலையை நிமிர்த்தினார்.

"என்ன சார், எல்லாம் ஓகேவா?"

"ஓகே மேடம்."

திரும்பி வருவதற்கு அதே ஏழு காலடி வெகு சீக்கிரம் முடிந்துவிட்டது.

ஒரு மணிக்கு, 'சாப்பிட்டுட்டுச் சொல்லலாம்' என்று டிபன் பாக்ஸைத் திறந்தார். எலுமிச்சை சாதம். ஒரு வாய் எடுத்தார். மூடிவிட்டார்.

ஒன்றே முக்காலுக்குப் போன் அடித்தது.

"சார், நான் பட்டுக்கோட்டையிலேருந்து கோதண்டம். வயசு நாப்பத்தொண்ணு. உங்க வெப்சைட்ல என் பேருக்கு நேரா நிச்சயமானதுன்னு காட்டுது சார்."

சீடர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பொண்ணு யாரு சார்?"

அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"அம்மாகிட்ட சொல்லிட்டேன். அவங்க தெரு பூரா சொல்லிட்டாங்க. எந்த ஊரா இருந்தாலும் பரவால்ல சார், இப்பவே பஸ் ஏறிடறேன்."

"கொஞ்ச நேரத்துல... நானே கூப்பிடறேன் தம்பி."

போனை வைத்தார். புகார் வராத இருபத்தெட்டு வருடத்தை நினைத்து அவருக்கே அவர் மேல் எரிச்சல் வந்தது. எழுந்து பாத்ரூமுக்குப் போனார். கதவைச் சாத்திக் குழாயைத் திறந்துவிட்டார். வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது மணி இரண்டு பதினொன்று.

இந்தத் தடவை அவர் எங்கும் நிற்கவில்லை. பதினோரு காலடியும் வைத்தார்.

"மேடம், தப்பு பண்ணிட்டேன்."

"எத்தனை மணிக்கு?"

"பத்து இருபது."

குரு வேறு எதுவும் கேட்கவில்லை. ஒரு வரி அடித்தார். மூன்றாவது சர்வர் அப்படியே நின்றது. அதன் உலகத்தில் அப்போது மணி காலை பத்து பதினொன்று. சுந்தரவல்லி இன்னும் போனே செய்யவில்லை.

"இப்பச் சொல்லுங்க சார். என்ன தப்பு?"

சொன்னார்.

"பதினெட்டாயிரம் பேருக்குமா?"

"அறுநூத்து நாப்பத்திரண்டையும் சேர்த்துக்குங்க மேடம்."

குரு வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு அடக்க முடியாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"இத்தனை பேருக்கு மண்டபம் எங்க சார் பிடிக்கிறது?"

"சிரிக்காதீங்க மேடம். என் வேலை..."

"வேலைக்கு என்ன? முதல்ல உக்காருங்க, இருக்கிற வேலையைப் பார்ப்போம்."

மூன்றாவது சர்வரைக் குரு மெல்ல நடக்கவிட்டார். பத்து இருபதின் வாசல்வரை கூட்டிவந்து, அந்த ஒரு கட்டளையை மட்டும் தாண்டவைத்து, மற்றதையெல்லாம் எழுதிக்கொள்ளச் சொன்னார். பிறகு அதிலிருந்து மற்ற இரண்டையும் சரிசெய்தார். நாலு மணிக்குள் எல்லோரும் பழையபடி ஆனார்கள். காத்திருந்தவர்கள் காத்திருந்தார்கள். நிச்சயமானவர்கள் நிச்சயமாகவே இருந்தார்கள்.

சுந்தரவல்லிக்கு மட்டும் சீடர் மறுபடி அடித்தார். பதிவு எண்ணை மூன்று முறை விரல்வைத்துச் சரிபார்த்தார். '1 பேருடைய நிலை மாற்றப்பட்டது' என்று வந்தது. அவ்வளவு அழகான வரியை அவர் படித்ததே இல்லை.

"கோதண்டத்துக்கு நான் பேசட்டுமா சார்?"

"வேண்டாம் மேடம். நானே பேசறேன்."

பேசினார். என் தப்பு என்று சொன்னார்.

"பரவால்ல சார்" என்றார் கோதண்டம். "ரெண்டு மணி நேரம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. என்னால முடியாது."

அம்மா போனை வாங்கினார். ஏழு நிமிடம் மூச்சு விடாமல் திட்டினார். எட்டாவது நிமிடம், ஆகிற காரியத்தைப் பார், ஆவணிக்குள் நிஜமாகவே ஒன்றைக் காட்டு என்று உத்தரவு போட்டார். சீடர் எழுந்து நின்றபடியே எல்லாவற்றுக்கும் 'சரிங்கம்மா' என்றார். போனை வைத்தபோது அவருக்கு நன்றாகப் பசித்தது.

எலுமிச்சை சாதத்தை எடுத்துக்கொண்டு வந்து குருவின் எதிரே உட்கார்ந்தார். குருவுக்கும் கொஞ்சம் மூடியில் வைத்துக் கொடுத்தார். சட்டைக் காலர் இன்னும் ஈரமாக இருந்தது.

"மேடம், ஒண்ணு கேக்கணும். அந்த நாலு மணி நேரத்தை நீங்க எப்படி அளந்தீங்க?"

குரு சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"ஒன்பது வருஷம் முன்னாடி. வேற ஆபீஸ். மொத்த லிஸ்டையும் அழிச்சுட்டேன். அங்கேயும் இப்படி மூணாவது ஒண்ணு இருந்துச்சு. ஆனா ஒரு மணி நேரம்தான் பின்னாடி நிக்கும்."

"உங்க மேனேஜர் ரொம்ப தூரத்துல உக்காந்திருந்தாரா?"

"ஆறு காலடி."

சீடர் கேட்கலாமா என்று யோசித்தார். கேட்டார்.

"எவ்வளவு நேரம் ஆச்சு மேடம்?"

"மூணே முக்கால் மணி நேரம்."

சீடர் மனசுக்குள் நாலிலிருந்து கழித்துப் பார்த்தார். கணக்கு உதைத்தது.

"அப்ப மீதி கால் மணி நேரம்?"

குரு நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்து அவர் பக்கம் நீட்டினார்.

"முகம் கழுவ."